ஞாயிற்றுக்கிழமை எழும் டிராகன்

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் நான்கு பேர் கூடிப் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். கதையை நடத்துவது நான். ஆயிரம் ஆண்டு வாழும் ஒரு வீரர் குலத்தை உருவாக்கியிருந்தேன். ஆடும் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வீரன், ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு டிராகன். வேறு யார் ஏறினாலும் அது பறக்காது.

எங்களில் ஒருவனுக்குக் காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் வெல்டர் வேலை கிடைத்தது. ஷிப்ட் வேலை என்பதால் மாலையில் வர முடியாது.

"அவன் டிராகனை எனக்குக் குடுத்துடு மாமு, சும்மாதானே கீது," என்றான் இன்னொருவன்.

அது குலத்தின் சட்டத்துக்கே விரோதம். வேறு வழியில்லை, கதையில் அவனுடைய வீரனைச் சாகடித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அவன் இல்லாத ஆட்டத்தை நினைக்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் அவனிடமே சொல்லிவிட்டு வரலாம் என்று, அவன் வேலைக்குக் கிளம்பும் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

சொன்னதும் அவன் சிரித்தான். "ஆயிரம் வருசம் வாழ்றவன்னு நீதானே சொன்ன? எனக்கு ஞாயித்துக்கெழம லீவு கெடைக்கும். அதுவரைக்கும் படுத்துத் தூங்கட்டும். அவனுக்கு இன்னா அவசரம்?"

இப்போது கதையில் அவனுடைய டிராகன் வள்ளூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு தூங்குகிறது, அதன் இறக்கைக்குள் அவனுடைய வீரனும். இந்த ஞாயிறு எழுப்பப் போகிறோம். அதற்குள் அவனுக்கு ஒரு போர் வேண்டும், பாதிதான் யோசித்திருக்கிறேன்.