எந்தக் கம்பெனியிலண்ணே?

போன ஞாயிற்றுக்கிழமை நான் சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்தில் விரலுக்கு மை வைத்துக்கொண்டிருந்தேன். தேர்தல் இல்லை... போலியோ சொட்டு மருந்து முகாம். நர்ஸம்மா சொட்டு விடுவார். குழந்தையின் சுண்டு விரலில் மை வைப்பது என் வேலை.

என்னை இழுத்துக்கொண்டு போனவர் நண்பர் தனபாலன். சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவர். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. முகாமுக்குப் பந்தல், டீ, பேனர் எல்லாம் அவருடைய சேவைச் சங்கத்தின் உபயம். உள்ளூரோடு நிற்கிற சங்கமில்லை அது. உலகத்தின் எந்த மூலையில் போலியோ மிச்சமிருந்தாலும், அதை ஒழிக்க இங்கிருந்து நன்கொடை போகும்.

முகாம் நாளில் தனபாலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சூம்பிய கால் தெரிய வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்.

"பேனரைப் படிக்க யாருக்கு நேரமிருக்கு? என் காலைப் பாத்தாப் போதும், பிள்ளையைத் தூக்கிட்டு ஓடி வருவாக" என்று சிரிப்பார்.

அன்றைக்கும் ஒரு இளம்பெண் வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. தனபாலனின் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எந்தக் கம்பெனியிலண்ணே?"

அவர் விழித்தார். நானும்தான்.

"வெடி விபத்துதானே? எந்தக் கம்பெனியில நடந்துச்சு?"

"விபத்தெல்லாம் இல்லம்மா. இதுதான் போலியோ. உன் பிள்ளைக்கு இது வந்துரக் கூடாதுன்னுதான் இந்தச் சொட்டு."

"போலியோன்னா இப்படியா இருக்கும்? நான் பாத்ததே இல்லண்ணே!"

"உலகமே சேந்துல்ல அதை விரட்டுனோம்!" தனபாலனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. இருக்காதா பின்னே? ஒரு தலைமுறையே அந்த நோயைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்திருக்கிறதே! ஆனால், இந்த ஊரில் ஒரு கால் முடங்கியிருந்தால் வேறு காரணமே யாருக்கும் தோன்றுவதில்லை... அது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மை வைக்கக் குழந்தையின் விரலைப் பிடித்தபோது அவளே சொன்னாள். வெடிமருந்து அடைக்கிற ரூமில் வேலை பார்த்த அவள் கணவனுக்கு, போன தீபாவளி சீசனில் நடந்த விபத்தில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டதாம். இப்போது அவன் வீட்டில். கம்பெனி வேனில் போவது இவள்.

"அதே கம்பெனிக்கா?" என்றேன்.

"அதே ரூமுக்குத்தாண்ணே. வேற எங்கன போறது?"

பிறகு தனபாலன் பக்கம் திரும்பினாள். "உலகமே சேந்து இந்த நோயையே விரட்டிட்டீகளே... எங்களுக்கும் ஏதாச்சும் வழி பண்ணுங்கண்ணே."

தனபாலன் மெல்ல வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அவர் பார்வை உள்ளே போனது. சங்கத் தலைவரே பட்டாசு அதிபர். பந்தலுக்குள் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்து போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். தங்கமான மனிதர்தான். முகம் தெரியாத நாட்டுக் குழந்தைக்காகக் கண் கலங்குவார். பட்டாசு ஷெட்டில் ஏதாவது நடந்தால் மட்டும், "விதி, நாம என்ன செய்ய முடியும்?" என்பார்.

மனிதர்கள் சேர்ந்து நின்றால் ஒரு நோயையே விரட்ட முடிகிறது. இதே ஊர்க்காரர்கள், இதே கைகள்தான் அதைச் செய்தன. அப்புறம் இது மட்டும் எப்படி விதியாகும்? கேட்டிருக்கலாம்... பந்தலில் யாருமே கேட்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல வேன் வந்திருக்கும். குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு அவளும் ஏறியிருப்பாள்.

பிள்ளையின் காலுக்கு உலகமே காவல் நிற்கிறது. தாயின் காலுக்கு...?