ஒரு படி இறங்கிய நெத்திலி

சாந்தோமில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்த ஹம்சா, முப்பத்தாறு வயதில் பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். கடலில் எது எதைத் தின்கிறது என்பதுதான் விஷயம். மீன் பக்கமே போகாத குடும்பத்தில் பிறந்தவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று மயிலாப்பூர் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அம்மா அபயாம்பாள் ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"அந்த மீன் பை ஆத்துக்குள்ள வரப்படாது. நீயும் குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்."

1996 முழுக்க, மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஹம்சா பட்டினப்பாக்கத்துக்குப் போனாள். அங்கே மீன் விற்ற சண்முகவடிவு அவள் வயதுக்காரி. கேட்ட மீனை ஒதுக்கி வைத்திருப்பாள். அடையாறு பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஹம்சா சதையைக் கீறி, உலர்த்தி, மாவாக அரைத்துக் குப்பிகளில் அடைத்தாள். கடல்நீரிலிருந்து வடிகட்டிய பாசியையும் அப்படியே செய்தாள்.

நைட்ரஜனில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. ஒரு உயிர் இன்னொன்றைத் தின்னும்போது கனமானது சற்றுக் கூடுதலாக உடம்பில் தங்கிவிடும். அதை அளந்தால், பாசியிலிருந்து எண்ணி எத்தனையாவது படியில் அந்த மீன் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்; ஒரு படிக்கு ஏறக்குறைய மூன்று எண் கூடும். அளக்கும் கருவி வடக்கே ஓர் ஊரில் இருந்தது. குப்பிகள் தபாலில் போயின.

மறு வருடம் மார்ச்சில் கணக்கு வந்தது. ஜனவரியில் பன்னிரண்டரையில் இருந்த நெத்திலி, ஜூனில் ஒன்பதரைக்கு இறங்கியிருந்தது. அதைத் தின்னும் வாளை மீனும் கூடவே இறங்கியிருந்தது. பாசியின் எண் மட்டும் அசையவில்லை.

வழிகாட்டியான பேராசிரியர் ஸ்ரீரங்கன் தாளைப் புரட்டிப் பார்த்தார். "லேபிள் மாறிப்போயிருக்கும் ஹம்சா. அந்த மாசத்தை விட்டுடுங்கோ."

ஹம்சாவுக்கு முகம் சுட்டது. ஒவ்வொரு சீட்டையும் பென்சிலால் தானே எழுதி, இரண்டு முறை சரிபார்த்தவள் அவள். அன்று சாயங்காலமே சண்முகவடிவிடம் போய், போன ஜூனில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். வடிவு யோசிக்கக்கூட இல்லை.

"ஸ்கூல் தொறந்த வாரம்தானே டீச்சர்? அதுக்கு ஒரு மாசம் முன்னாடிலேர்ந்தே தண்ணி ஐஸாட்டம் இருந்துச்சு. வலை பூரா பச்சையா பாசி ஒட்டிக்கினு வருதுன்னு எங்க ஊட்டுக்காரு ஒரே பொலம்பல்."

ஹம்சா மனதுக்குள் கோத்துப் பார்த்தாள். அந்த நாட்களில் காற்று கரையை ஒட்டியே வடக்கு நோக்கி வீசும். மேல்தண்ணீர் கரையை விட்டு விலகும், அடியிலிருந்து சத்து நிறைந்த குளிர்ந்த தண்ணீர் மேலேறும், பாசி மண்டும். பாசியைத் தின்னும் நுண்ணிய மிதவைப் பூச்சிகள்தான் நெத்திலியின் இரை; அத்தனை பாசியைக் கண்டு அது பாசியையே நேராகத் தின்றிருந்தால், ஒரு படி இறங்கிவிடாதா?

ஒவ்வொரு மாதமும் இருபது நெத்திலியை முழுசாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டு வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஆய்வுக்கூடம் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள். ஜனவரி மீனின் வயிற்றில் மிதவைப் பூச்சிகளின் கால்களும் ஓடுகளும் இருந்தன. ஜூன் மீனைக் கீறி நுண்ணோக்கியில் வைத்தாள். பூச்சியே இல்லை. மணி கோத்தாற்போலப் பாசிச் செல்கள், கண்ணாடி ஓட்டோடு, சரம் சரமாக. இரண்டாவது மீனிலும் அதுவே. ஏழாவதிலும் அதுவே. எட்டாவதை அப்படியே தட்டில் விட்டாள். படியேறி ஓடிப்போய் ஸ்ரீரங்கனைக் கையோடு கூட்டிவந்தாள்.

அவர் குனிந்து ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். சங்கிலியில ஒரு கண்ணியே கழண்டுபோயிருக்கு. வர்ற ஜூன்ல ரெண்டு மடங்கு எடுங்கோ."

அந்த ஜூனில் வடிவின் கணவனுடைய படகில் ஹம்சாவே போனாள். அலையைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி. ஆனாலும் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டபோது பாதரசம் வழக்கத்தைவிட நான்கு டிகிரி கீழே நின்றதைப் பார்த்து, படகில் இருந்தவர்கள் பயப்படும்படி எழுந்து நின்றுவிட்டாள். வடக்கிலிருந்து வந்த எண்களும் ஒன்பதரையை ஒட்டியே இருந்தன.

1999-இல் பட்டம் கிடைத்தது. கல்லூரி ஒன்று கூப்பிட்டும் அவள் பள்ளியை விடவில்லை. அடுத்து அவள் ஆராய ஆரம்பித்தது கணவாய் மீனை.