மூக்கக்கா மோந்த தண்ணீர்

குடிநீர் நிலையத்துப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்க் குழாய்களில் பிடித்து வந்த தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, சூடாக்கி, குலுக்கி, மூடியைத் திறந்த கையோடு மோந்து பார்ப்பது அவள் வேலை. ஏரியில் பாசி பிடித்திருக்கிறதா, எங்கேயாவது சாக்கடை கலக்கிறதா, ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். அவள் சந்தேகப்பட்ட தண்ணீர் மட்டும்தான் ரசாயனம் கண்டுபிடிக்கும் பெரிய இயந்திரத்துக்குப் போகும். பதிவேட்டில் ‘மணம் இல்லை’ என்று எழுதிவிட்டால் அதோடு சரி.

இருபத்திரண்டு வருஷம் அந்த மூக்கைக் கண்ணாகக் காப்பாற்றினாள். வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, காலையில் பச்சை வெங்காயத்தைக் கிட்டே சேர்க்கமாட்டாள். “கல்யாண நாளுக்கு ஆசையா ஒரு சென்ட் வாங்கிக் குடுத்தேன். மறுநாளே என் தங்கச்சி கைக்குப் போயிடுச்சு” என்று அவள் கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மகளுக்குப் பிரசவமான வாரம் பார்த்து மூக்கக்காவுக்குக் கடும் காய்ச்சல். குழந்தைப் பக்கம் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். காய்ச்சல் விட்ட அன்று, மூன்று தெரு தள்ளியிருந்த மகள் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். ஒன்றுமே வரவில்லை. மறுபடியும் வைத்தாள். இளஞ்சூடு தெரிந்தது, மெல்லிய முடி உறுத்தியது. வாசனை மட்டும் இல்லை.

“என்னம்மா, கண்ணு கலங்குது?”

“ஒண்ணுமில்லடி. சந்தோஷம்தான்.”

டாக்டர் பார்த்துவிட்டு, “சிலருக்கு ஒரு மாசத்துல திரும்பிடும். சிலருக்கு வருஷமாகும்” என்றார். 

கூடத்தில் யாரிடமும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினாள். வழக்கம்போல் குடுவையைக் குலுக்கினாள், திறந்தாள், குனிந்தாள். எந்தத் தெரு, போன வாரம் எப்படி இருந்தது என்று பார்த்து, ‘மணம் இல்லை’ என்று எழுதினாள். சாயங்காலமானால் பேத்தியிடம் ஓடினாள். குழந்தை தூங்கும்போது பக்கத்தில் படுத்து, அதன் கழுத்தில், உள்ளங்கையில், கழற்றிப் போட்ட சட்டையில் எல்லாம் தேடினாள்.

ஒருநாள் காலை மகள் ஃபோன் பண்ணினாள். “அம்மா, ரெண்டு நாளா தண்ணி டீசல் மாதிரி நாறுது. உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலியா? பாப்பாவை அதுலதான் குளிப்பாட்டினேன். உடம்பெல்லாம் செவந்துபோய் இருக்கு.”

பதிவேட்டைப் புரட்டினாள். அந்தத் தெரு, முந்தின நாள், அவள் கையெழுத்தில், மணம் இல்லை.

நேரே கூடத்து அதிகாரியிடம் போனாள். அவளைவிட வயதில் சின்னவர்.

“சார், எனக்கு மோப்பமே இல்ல. சும்மா எழுதிட்டிருந்தேன்.”

“எத்தனை நாளாக்கா?”

“முப்பத்தொரு நாள்.”

அவர் ஃபோனை எடுத்து அந்தத் தெருவின் வால்வை மூடச் சொன்னார். தோண்டிப் பார்த்ததில், பக்கத்துப் பட்டறையின் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, டீசல் மண்ணில் ஊறி, பிளாஸ்டிக் குழாய்க்குள்ளும் இறங்கியிருந்தது. குழாயை மாற்றும்வரை எட்டு நாள் லாரித் தண்ணீர். அவள் எழுதிய அத்தனை தெருவிலும் மறுபடி தண்ணீர் எடுத்தார்கள். பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளே எல்லா வீட்டுக்கும் நடந்தாள். நல்லவேளை, வேறெங்கும் கோளாறு இல்லை.

பேத்தியின் தடிப்பு ஒரு வாரத்தில் அடங்கிற்று. மகளின் கோபம் அடங்க நாளானது.

“ஆபீஸ்ல சொல்லாட்டி போகட்டும். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நிஜமாயிடும்னு பயந்துட்டேன்டி.”

குடுவை மேசைக்கு வேறு இரண்டு பேர் வந்தார்கள். அவளைத் தண்ணீர் பிடித்து வரும் வேலைக்கு மாற்றினார்கள். இப்போது வீடு வீடாகப் போய், குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, பாட்டிலில் பிடிக்கிறாள். பிடித்ததும் வீட்டுக்காரர்களிடமே ஒரு டம்ளரை நீட்டி, “நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன்” என்கிறாள்.

பேத்திக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அந்தப் பச்சைக் குழந்தை வாசனை இவ்வளவு நாள் நிற்காது என்பது இரண்டு பிள்ளை பெற்ற அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை மதியம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டாள்.

“இன்னும் இருக்கா, பாரேன்.”

மகள் துவைத்த துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தாள். குழந்தை அவள் முடியைப் பிடித்து இழுத்தது. விடுவித்துக்கொள்ளாமல், கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுத்தாள்.

“இருக்கும்மா. கொஞ்சம் இருக்கு.”