இடக்கை வாசனைகள்

போன ஞாயிற்றுக்கிழமை, கரியாலூர் மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் எனக்கு முன்னால் சில பையன்கள். அருவியில் குளித்துவிட்டு ஈரச் சட்டையோடு ஏறியவர்கள், ஒரே ஸ்பிரேயை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டார்கள். ஈரத்துணியில் அடித்தால் எந்த வாசனையும் புளித்துப்போகும். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். புளிக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு இதெல்லாம் தெரியக் காரணம் உண்டு. கல்யாண வயதில் நான் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சென்ட் விற்றவள். அப்போதெல்லாம் வாசனை பார்க்க வேண்டுமென்றால் கடைப்பெண்ணின் கைதான். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள் என்பதால் கையையும் நான் பங்கு பிரித்து வைத்திருந்தேன். வலக்கை மணிக்கட்டில் மல்லிகை அத்தர், அதற்கு மேலே ஜவ்வாது, முழங்கை மடிப்பில் வெளிநாட்டுச் சரக்கு. ஆண்களுடையது முழுக்க இடக்கையில். மாலையில் வடக்கனந்தல் போகும் பேருந்தில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசனைகளுக்கும் குணம் உண்டு. எலுமிச்சை, பேருந்து நிலையத்தைத் தாண்டாது. ரோஜா முதலில் கும்மென்று எழும்பி, மதியத்துக்குள் நேற்றைய மாலையாகிவிடும். கறுப்புப் புட்டியில் வந்த சந்தனம் மட்டும் முதலில் வாயே திறக்காது. உடம்புச் சூடு ஏறிய பிறகுதான் பேசும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

எனக்கு நிச்சயமாகியிருந்தவருக்கும் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் திருநாவலூரில் உரக்கடையில் வேலை. வெற்றிலை பாக்கு மாற்றிய மறுவாரம் கடைக்கே வந்துவிட்டார்.

“பூச்சி மருந்து நாத்தம் உடம்ப வுட்டுப் போவ மாட்டுது. இன்னா போட்டா போவும்?”

இடக்கையில் வரிசையாக அடித்துக் காட்டினேன். தள்ளி நின்றே முகர்ந்தார். “கடைசியா போட்டீங்களே, அதையே குடுங்க” என்றார். அவர் முகம் சிவந்தது என்று எழுத ஆசைதான். நல்ல கறுப்பு, சிவக்கவில்லை.

சில நாள் கழித்து ஓர் அம்மா வந்தார். நல்ல புடவை, நல்ல சிரிப்பு. தம்பிக்கு வாங்க வேண்டும், ஆண்கள் சென்ட் எல்லாவற்றையும் காட்டு என்றார். அடிக்க அடிக்க, என் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்தார்.

“தெனம் இத்தினியும் போட்டுக் காட்டுவியா?”

“கேக்கறவங்களுக்குக் காட்டுவேங்க.”

“ஆம்பளைங்க கூட கைய மோந்து பாப்பாங்களா?”

“மோந்து பாக்காம எப்பிடிங்க வாங்குவாங்க?”

கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கு நினைப்பு. கறுப்புப் புட்டிச் சந்தனத்தை மட்டும் நெடுநேரம் முகர்ந்தார். “இதான். எங்க வூட்டுல இப்ப இதான் நாறிக்கினு இருக்குது” என்று கையை விட்டார். ஒன்றும் வாங்கவில்லை. பாக்கு மாற்றிய அன்று மாப்பிள்ளையின் அக்கா வந்திருக்கவில்லை. இவர்தான் அந்த அக்கா என்பது மறுநாள் தரகர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தரகர் எங்கள் வீட்டு மோரை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “பொண்ணு மேல பத்து ஆம்பள வாசன அடிக்குதாம். வேணான்றாங்க.”

“மாப்பிள இன்னா சொல்றாரு?” என்றார் அப்பா.

“அவரு இன்னா சொல்லுவாரு? அக்கா சொன்னா சரிதான்.”

அம்மா என் இடக்கையைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். “போவ மாட்டுதே, போவ மாட்டுதே” என்று அழுதுகொண்டே தேய்த்தாள். சந்தனம் அப்படித்தான்; சூடு ஏற ஏற இன்னும் மணக்கும். அதை அவளிடம் விளக்க முடியவில்லை.

கடையில் முதலாளி ரொம்ப அன்பாகப் பேசினார். “இனிமே உனுக்கு இன்னாம்மா பயம்? ஆம்பளைங்க சென்ட்டு பக்கம் நீயே நின்னுக்க. மத்த பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆவணும்ல.”

நின்றேன். கடையையே இழுத்து மூடிய வருஷம்வரை அங்கேயேதான் நின்றேன். மற்ற பெண்களுக்கெல்லாம் கல்யாணம் ஆயிற்று. அவர்களுடைய மாப்பிள்ளைகளுக்கு வாசனை பார்த்துக் கொடுத்ததும் இந்தக் கைதான்.

இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. அந்தச் சந்தனமும் வருவதில்லை. சென்ட் விற்கிற புதுக் கடைகளில் அட்டைத் துண்டில் அடித்து நீட்டுகிறார்கள். முகர்ந்துவிட்டுக் கீழே போட்டுவிடலாம்.