ஸ்லோ வண்டியில் ஒரு சரணம்

திருநின்றவூர் ஸ்டேஷனில் ஃபாஸ்ட் மின்சார வண்டி வந்தால் எல்லோரும் முண்டியடித்து ஏறுவோம். ஒருவர் மட்டும் அசையமாட்டார். நீலக் கம்பெனிச் சட்டை, ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி. இடது கை டிபன் டப்பா மூடியில் தாளம் போடும். வலது கை கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாட்டு எழுதும்.

ஒருநாள் ஃபாஸ்ட் வண்டியைத் தவறவிட்டு, பின்னால் வந்த ஸ்லோ வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஏண்ணே, நீங்க ஃபாஸ்ட்ல ஏறவே மாட்டீங்களா?”

“அதுல போனா பல்லவி முடியறதுக்குள்ள அம்பத்தூர் வந்துடுது நைனா. ஸ்லோவுல ஒரு சரணமும் சேந்து வந்துரும். ஊட்ல ரெண்டு வாலுங்க, கம்பெனில மிஷின் சத்தம். எனக்கு இதான் எடம்.”

சில மாதங்களில் அவர் குடும்பத்தோடு அம்பத்தூருக்கே குடிபோனார். கம்பெனிக்கு நடந்தே போகலாம். நாங்கள் வாழ்த்தியபோது அவர் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் பிளாட்பாரத்தில் அதே கண்ணாடி. கையில் இரண்டு கட்டு முளைக்கீரை.

“இன்னாண்ணே, இந்தப் பக்கம்?”

“கீரை இங்கதான் நல்லா கீதுன்னு ஊட்ல சொல்லி வெச்சிருக்கேன்.”

“அண்ணி நம்பிட்டாங்களா?”

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நேத்து அவளே சொல்றா, ‘இந்த வாரத்தோட கீரை போதும். அடுத்த வாரம் இன்னும் தள்ளி திருவள்ளூர் போய் கத்திரிக்கா வாங்கினு வா. ரெண்டாவது சரணம் பாக்கி கீதுல்ல’ன்னு.”

அவர் பாட்டு ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. எப்படிப்பட்ட பாட்டு என்று அந்த அண்ணியைத்தான் கேட்க வேண்டும்.