டிக்கி மூடியில் ஒரு கை

கார் மினுக்கும் மெசினுக்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. முதலில் கம்பளி உறை போட்டு, மினுக்கும் பசை தடவிய சக்கரத்தைக் காரின்மேல் தட்டையாக வைக்க வேண்டும். அதன் பிறகே சுவிச்சைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கார் தவிர மற்ற எல்லாவற்றிலும் பசை ஏறும். கையேட்டை வரி விடாமல் வாசித்திருந்த நான் மாற்றித்தான் செய்தேன். கொடியில் காய்ந்த வேட்டி, கிணற்றுக்கட்டு, செவ்வரத்தை மரம் மூன்றும் புள்ளி புள்ளியாயின.

"தம்பி, காருக்குத்தான் பூசச் சொன்னனான்," என்றார் மாமா.

இது என் மனைவியின் மயிலிட்டி வீட்டில் நடந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான்களின் வரவு நின்றிருந்தது. கார்ப் பெயின்ற் கிடைக்கவில்லை. மாமாவிடம் ஓர் இயந்திர வள்ளமும் ஒரு பழைய ஏ-போட்டி காரும் இருந்தன. வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற்றைத் தூரிகையால் காருக்கு அடித்துவிட்டார். கறுப்புக் கார் நீலமாயிற்று, தூரிகை போன வழியெல்லாம் கோடு கோடாக.

அடித்து முடித்த அன்று மாமாவின் மகன், காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக, டிக்கி மூடியில் உள்ளங்கையை வைத்தான். காயவில்லை. ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்தன. மாமா தூரிகையோடு அவனைக் காரைச் சுற்றித் துரத்தினார். அடுத்த வாரம் அவன் கப்பல் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். முந்திய பயணத்தில் அவன் கொண்டுவந்து, பெட்டியே பிரிக்காமல் கிடந்ததுதான் இந்த மெசின்.

போனவனிடமிருந்து மாதக் கணக்காகக் கடிதம் இல்லை. கொழும்பில் கப்பல்காரரிடம் விசாரித்தால், தாங்களும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். ஓர் அலுவலகம் அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது, எழுதுவினைஞனாக அதே வசனத்தைப் பலருக்கு எழுதியனுப்பிய எனக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மாமி மட்டும் தினமும் விடிய எழும்பிக் காரைத் துடைப்பார். டிக்கிக்குப் பின்னால் அவர் நிற்கும் நேரம் அதிகம்.

இந்த நிலையில் கடைசி மகளின் கல்யாணம். தள்ளிவைத்தால் ஏன் என்று கேட்பார்கள். மாமா வாயைத் திறந்து காரணம் சொல்ல வேண்டிவரும். ஆகவே கல்யாண நாளை மாற்றவில்லை. சுன்னாகத்துக்குப் போய் மாப்பிள்ளையை ஏற்றிவர வேண்டிய கார் அதுதான்.

"இப்பிடியே போனால் வள்ளம் வந்திருக்கெண்டு வலையோடை ஏறுவினம். முழுக்க மினுக்கும் தம்பி. ஒரு இடமும் விடக்கூடாது," என்றார் மாமா.

ஒரு இடமும் என்றபோது அவர் டிக்கிப் பக்கம் பார்க்கவில்லை.

வள்ளத்துப் பெயின்ற் கார்ப் பெயின்ற் அல்ல. சூடேறினால் இளகும். சக்கரத்தை ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினால் நீலம் இழுபட்டு அடியிலிருக்கும் கறுப்பு எட்டிப் பார்க்கும். விளிம்புகளில் பெயின்ற் இன்னும் மெல்லிது. போதாக்குறைக்கு மின்சாரம். அயலிலே தோட்டக்காரர் தண்ணீர் இறைக்க மோட்டரைப் போட்டால் மெசின் முனகிக்கொண்டு மெதுவாகும். அவர்கள் நிறுத்தினால் திடீரென்று வெறிபிடித்துக் கையை இழுக்கும். கையேட்டை எழுதியவர் எங்கள் வெங்காயத் தோட்டங்களைக் கண்டதில்லை. நான் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே பழகினேன். முனகத் தொடங்கினால் அழுத்தத்தைக் குறை. முனகல் நிற்கப் போகிறதென்றால் விளிம்பை விட்டு விலகு. மத்தியானத்துக்குள் பொனற், கூரை, கதவுகள் முடிந்தன. கதவில் முருங்கை மரம் தலைகீழாகத் தெரிந்தது.

மிஞ்சியது டிக்கி. நான் பசையை எடுத்தபோது மாமி சமையலை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, வெயில் ஏறீட்டுது. உதை நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கென்ன, சூரியன் குளிர்ந்தே வரப்போகுது? நீர் பிடியும் தம்பி," என்றார் மாமா.

மாமி உள்ளே போய்விட்டார். நான் சக்கரத்தை மூடியில் வைத்தேன், இம்முறை ஒழுங்கு தவறாமல். கைத்தடத்தின் பெருவிரல் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுவிச்சைப் போட்டேன். மெசின் அரைச்சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

"சுன்னாகத்தான் நிப்பாட்டிப்போட்டான்!"

மின்சாரம் போனால் சுன்னாகத்து மின்நிலையத்தை ஏசுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா அதைச் செவ்வையாகச் செய்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது பக்கத்து வீட்டு றேடியோ பாடிக்கொண்டிருப்பது கேட்டது.

"அது பற்றறி றேடியோ," என்றார் மாமா.

உடனே அதே வீட்டில் தண்ணீர் மோட்டர் இரையத் தொடங்கியது. மாமா எழும்பி உள்ளே போனார். நான் பின்னால் போனேன். விறாந்தைச் சுவரில் மெயின் சுவிச். அதன் கீழே மாமி.

"நீரே நிப்பாட்டினது?"

"ஓம்."

"ஏன்?"

"அது அவன்ரை கை. வந்து அவனே அழிக்கட்டும்."

"வராட்டி?"

அந்த வீட்டில் அந்தச் சொல் அன்றுதான் முதன்முதலாக வெளியே வந்தது. சொன்னவரே திடுக்கிட்டுப் போனார். மாமி அவரை நேரே பார்த்தார்.

"வராட்டிக் கிடக்கட்டும்."

மாமா திரும்பி முற்றத்துக்கு வந்தார். டிக்கியின் முன்னால் நின்றார். பிறகு கயிறு இழுத்துக் காய்த்துப்போன தன் வலக்கையை அந்தத் தடத்தின்மேல் விரித்து வைத்தார். அவர் கை பெரிது. தடம் முழுதும் மறைந்தது.

"இப்ப போடும் மெசினை."

"மாமா, கையை எடுங்கோ. சக்கரம் பிடிச்சால் தோல் உரிஞ்சுபோம்."

"நீர் புத்தகம் படிச்சனீர்தானே. சுத்தி ஓட்டும்."

உள்ளே மாமி மெயின் சுவிச்சைப் போட்ட சத்தம் கேட்டது. இதற்கான முறை புத்தகத்தில் இல்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரல் பக்கமிருந்து தொடங்கினேன். பக்கத்து வீட்டு மோட்டரால் மெசின் முனகியது. நான் நடுவிரலின் நுனியைக் கடந்து பெருவிரலைச் சுற்றி வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முனகல் நின்றது. அங்கே மோட்டரை நிறுத்திவிட்டார்கள். சக்கரம் துள்ளி அவர் பெருவிரலின் பக்கத்தை உரசியது. நான் பாய்ந்து தூக்கினேன். அவர் கை அசையவில்லை.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? மிச்சத்தை முடியும்."

முடித்தேன். அவர் கையை எடுத்தபோது பெருவிரலில் தோல் போயிருந்தது. காயத்தில் நீலப் பசை. சுற்றிலும் மூடி பளபளக்க, நடுவில் மங்கலாக அந்தக் கை, முன்னர் இருந்ததைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"இனி ஊருக்கெல்லாம் தெரியப்போகுது," என்றார் மாமா.

"தெரியட்டும்," என்றார் மாமி, பழந்துணியோடு வந்து.

மாப்பிள்ளையை ஏற்றப் போன இடத்தில் அவருடைய சித்தப்பா டிக்கியைப் பார்த்து, "உதென்ன கை?" என்று கேட்டார்.

"என்ரை மகன்ரை. கப்பலிலை நிக்கிறான்," என்றார் மாமா.

மாரி முடிந்து அவன் வந்தான். எலும்பும் தோலும். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டிவைத்து, ஆட்களை இறங்கவும் விடாமல் வைத்திருந்தார்களாம். இரண்டு நாள் உறங்கி எழும்பி, முற்றத்துக்கு வந்தவனின் கண்ணில் டிக்கி பட்டது.

"அத்தான், எல்லாம் மினுக்கிப்போட்டு உந்த ஊத்தையை மட்டும் ஏன் விட்டனீங்கள்?"

"நீ வந்து அழிக்கோணுமெண்டு கொம்மா சொன்னவ. மெசின் உதிலை கிடக்கு," என்றார் மாமா.

அவன் மெசினைத் தூக்கினான். சக்கரத்தை மூடியில் வைக்காமலே சுவிச்சைப் போட்டான். நான் கொடியில் கிடந்த வேட்டியைப் பார்த்தேன். ஆனால் சக்கரம் சுற்றவேயில்லை. பக்கத்து வீட்டு றேடியோ பாடிக்கொண்டிருந்தது. குசினி வாசலில் மாமியைக் காணவில்லை.

"சுன்னாகத்தான் நிப்பாட்டிப்போட்டான்," என்றார் மாமா.