ரெனேவுக்கு வந்த கடிதம்

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு லுத்தரன் தேவாலயத்தின் நிலவறையில், விளம்பரமே இல்லாத அந்தப் பக்திப்பாட்டு வானொலி தொடங்கிய நாளிலிருந்து காலை நிகழ்ச்சி வெர்னா டெக்லாண்டுடையது. பதினாறு வருடம் சம்பளம் வாங்காமல் பாட்டுப் போட்டாள். போன வசந்தத்தில் போதகரின் மருமகள் ரெனே வந்ததும் காலை நேரம் அவளுக்குப் போனது. வெர்னாவுக்கு மிஞ்சியது, தபாலை எடுத்துவந்து கொடுக்கும் வேலைதான்.

கடிதமெல்லாம் ரெனேவுக்குத்தான். ஒரு புதன்கிழமை வெர்னா வயிறெரிந்து ஒன்றைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு போய் வீட்டில் பிரித்தாள். டோரிஸ் என்ற பெண் எழுதியிருந்தாள்: ‘வியாழன் காலை எட்டு மணிக்கு எனக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்குமுன் என் அம்மா பாடும், கீழே எழுதியிருக்கிற இந்தப் பாட்டைப் போடுவாயா, ரெனே? உன் குரல் கேட்டால் பயம் குறையும்.’

மறுநாள் விடிந்ததும் வெர்னா காரை விரட்டிக்கொண்டு போய்க் கடிதத்தை நீட்டினாள்.

“பிரிச்சிருக்கே?” என்றாள் ரெனே.

“நான்தான் பிரிச்சேன். நேத்தே எடுத்துட்டுப் போயிட்டேன். உன்மேல பொறாமை, வேறென்ன.”

கடிதத்தைப் படித்ததும் ரெனேவின் முகம் சிவந்தது. “என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே, வெர்னா! இந்தம்மா உங்களுக்கு என்ன பண்ணுனாங்க? சரி, அந்த ரெக்கார்டு எங்கேன்னு எனக்குத் தெரியாது. நீங்களே எடுங்க.”

வெர்னா தேடாமலே எடுத்துக் கொடுத்தாள். ஏழு நாற்பதுக்கு ரெனே, “டோரிஸ், இது உங்களுக்கு” என்றாள். அந்தக் கனிவு தனக்குப் பதினாறு வருடத்திலும் வந்ததில்லை என்று வெர்னாவுக்குத் தெரிந்தது. பாட்டு முடியும்வரை வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

டோரிஸ் பிழைத்தாள். நன்றிக் கடிதமும் ரெனேவுக்கே வந்தது. வெர்னா அதைப் பிரிக்காமலே அவள் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.